ஓக் பலகையில் ரவுட்டர் ஓட்டினால் ஏன் கருகுகிறது, ஏன் மூலை பெயர்கிறது?

நீங்கள் கேட்டது இது. ஒன்டாரியோவில் வீட்டுப் படிக்கட்டுக்கு 1 அங்குலக் கனத்தில் சிவப்பு ஓக் பலகை வாங்கியிருக்கிறீர்கள். முன்விளிம்பை உருட்ட, அதாவது வளைவாக்க, வேண்டும். மிச்சப் பலகையில் அலமாரிக்கு வளைந்த தாங்கிகள் நான்கு வெட்ட வேண்டும். கையில் இருப்பது அங்கே வாங்கிய 1.25 குதிரைத்திறன் ட்ரிம் ரவுட்டரும் (மர விளிம்பை வெட்டி வடிவாக்கும் சிறிய கை மெஷின்), ஊரிலிருந்து கொண்டுவந்த பிட் (அதில் மாட்டிச் சுழலும் வெட்டுமுனை) பெட்டியும். தேக்கில் இதே பிட்டுகள் சுத்தமாக வெட்டின. ஓக்கில் விளிம்பு கருகுகிறது, மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிம்பு பெயர்கிறது, பாதி தூரம் போனதும் வெட்டு தானாக ஆழமாகிறது. இதைவிடப் பெரிய மெஷின் வாங்க வேண்டுமா? கேள்வி மெஷினைப் பற்றித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த மூன்று கோளாறுக்கும் மெஷினின் பலக்குறைவுதான் காரணமா என்பது. இல்லை. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, அவற்றில் இரண்டு காசு செலவில்லாமலே தீரும். மூன்றாவது, வெட்டு ஆழமாவது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

வெட்டு தானாக ஆழமாகிறது என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது: மெஷினின் அடித்தட்டைப் பிடிக்கும் பூட்டு வழுக்குகிறது, அல்லது பிட்டே கொலெட்டிலிருந்து (நட்டை இறுக்கும்போது பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுள்ள குழல்) நழுவி இறங்குகிறது. எது என்று தூரத்தில் இருந்து சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மெல்லிய மார்க்கர் பேனாவால் பிட்டின் தண்டில், நட்டின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போடுங்கள். மோட்டார் உடலும் அடித்தட்டும் சேரும் இடத்தில் இன்னொரு கோடு. மிச்சத் துண்டில் அரை மீட்டர் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு பாருங்கள். தண்டின் கோடு நட்டை விட்டு விலகியிருந்தால் பிட்தான் நழுவுகிறது. அடித்தட்டின் கோடு விலகியிருந்தால் பூட்டுத் திருகை இறுக்கினால் போதும்.

பிட் பெட்டி ஊரிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பதால் எனக்கு முதலில் பிட் மேல்தான் சந்தேகம். வட அமெரிக்காவில் விற்கும் ட்ரிம் ரவுட்டர்களில் கொலெட் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இந்தியாவில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டுகள் தாராளமாகப் புழங்குகின்றன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கைக்கும் வித்தியாசம் தெரியாது, நட்டும் இறுகியது போலவே இருக்கும். ஆனால் அந்த 0.35 மி.மீ. இடைவெளியால் கொலெட் தண்டை முழு நீளத்துக்கும் கவ்வாமல் வாய்ப்பக்கம் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். தேக்கில் மெல்லிய வெட்டுக்கு அது தாங்கியிருக்கலாம். ஓக்கின் இறுக்கத்தில் நழுவுகிறது. நிமிடத்துக்கு 20,000, 30,000 சுற்று சுற்றும் இரும்பு பாதியில் கழன்றால் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலிப்பர் வைத்துத் தண்டை அளந்து பாருங்கள். 6.35 காட்டினால் பயன்படுத்துங்கள். 6.00 காட்டினால் அந்தப் பிட்டுகளை இந்த மெஷினில் போடவே கூடாது. சுற்றிக் காகிதமோ தகரமோ வைத்து இட்டு நிரப்பவும் கூடாது. 6 மி.மீ. கொலெட் உங்கள் மாடலுக்குத் தனியாகக் கிடைத்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டிய இரண்டு மூன்று பிட்டுகளைக் கால் அங்குலத் தண்டில் புதிதாக வாங்குங்கள். 12 மி.மீ. பிட்டை அரை அங்குல, அதாவது 12.7 மி.மீ. கொலெட்டில் போடுவதும் இதே தப்புதான்.

தண்டு சரியான அளவாக இருந்தும் நழுவினால், கொலெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பிளவுகளில் மரத்தூளும் பிசினும் அடைந்திருக்கும். பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துடைக்க வேண்டும், எண்ணெய் போடக் கூடாது. தண்டில் பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகத் தடம் இருந்தால் அது ஏற்கெனவே வழுக்கிச் சுற்றியதன் அடையாளம். அப்போது கொலெட்டை மாற்றிவிடுவதே நல்லது. பிட் போடும்போது தண்டை அடிவரை இறக்கி, பிறகு 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால், நட்டை இறுக்கும்போது கொலெட் கீழே நகர, தண்டு நகர முடியாமல் பிடி முழுதாக விழாது. பிட் இல்லாமல் வெறும் கொலெட்டை இறுக்கி வைக்கவும் கூடாது, அதன் வாய் சுருங்கிக் கெட்டுவிடும்.

இனி மரம். ஓக்குக்கு நூல்களில் கருவாலி என்று பெயர். தேக்கோடு ஒப்பிட்டால் ஓக்கின் குணம் சீக்கிரம் பிடிபடும். எடையில் தேக்கு கனமீட்டருக்கு 650 கிலோ சுமார், சிவப்பு ஓக் 700 கிலோ சுமார், வெள்ளை ஓக் அதைவிடச் சற்றுக் கூட. கடினத்திலும் ஓக் ஒரு படி மேல், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டுமே வளையத்துளை மரங்கள். வசந்தத்தில் வளரும் பகுதியில் பெரிய துளைகள் வரிசையாக விழும், கோடையில் வளரும் பகுதி இறுகி நிற்கும். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு, அது வெட்டுவாய்க்கு வழவழப்புத் தரும். ஓக்கில் அந்தப் பசை இல்லை, துவர்ப்புச் சத்தான டானின்தான் நிறைய. அடுத்து, ஓக்கில் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த்திசு பட்டை பட்டையாக அகலமானது. சில வகை அறுப்பில் பலகை முகத்தில் வெள்ளி மினுக்கோடு தெரியும் அழகு அதுதான். ஆனால் மரம் பிளக்க வழிகாட்டுவதும் அதுவே. துளை வரிசை ஒரு பக்கம், கதிர்ப் பட்டை இன்னொரு பக்கம் என்று பிளவுக்கு ஏற்கெனவே இரண்டு பாதை போட்டு வைத்திருக்கும் மரம் இது. மூங்கிலின் ஓரத்தில் கத்தியை வைத்து ஒரு தட்டு தட்டினால் அதன் போக்கிலேயே கிழிந்து ஓடுமே, அந்தக் குணம் ஓக்கிலும் கொஞ்சம் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

முதலில் கருகல். மரம் கடினமாக இருப்பதால் கருகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கருகுவது வாய் வெட்டாமல் உரசுவதால். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷின் 30,000 சுற்றில் ஓடுகிறது, பிட்டில் இரண்டு வாய், நீங்கள் பயந்து பயந்து நிமிடத்துக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்த்துகிறீர்கள். ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் எடுக்கும் சீவல் 0.017 மி.மீ. கனம். அவ்வளவு மெல்லியதை எடுக்க வாயால் முடியாது. மரத்தின் மேல் தேய்த்துக்கொண்டே போகும், சூடு ஏறும், கருகும். அதே பிட்டை 18,000 சுற்றுக்குக் குறைத்து, நிமிடத்துக்கு 3 மீட்டராக நகர்த்தினால் சீவல் 0.08 மி.மீ. ஆகிறது, ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம். அது வெட்டு. சூடும் சீவலோடு வெளியே போய்விடும். 90 செ.மீ. நீளப் படிப்பலகையை 18 முதல் 20 வினாடிக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழகாதவர்கள் ஓக் கடினம் என்று நினைத்து மெதுவாகப் போகிறார்கள், அந்த மெதுவே கருக்குகிறது. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கை தயங்கி நின்றால் அங்கே பிறைவடிவில் ஒரு கருந்தழும்பு விழும். பிட் மரத்தைத் தொடும்போதே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். வெட்டு முடிந்து மரத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

சரியாக வெட்டுகிறதா என்பதைக் காலடியில் விழுவதைப் பார்த்தே சொல்லலாம். விரலில் எடுத்தால் சின்னச் சின்னச் சுருளாக, வெளிர் நிறத்தில் சீவல் வந்தால் நல்லது. மாவு போல, பழுப்பேறிய தூள் வந்தால் ஒன்று நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது வாய் மழுங்கிவிட்டது. வாயைச் சோதிக்க, பிட்டைக் கழற்றி விளக்கின் கீழ் மெல்லத் திருப்புங்கள். கூரான வாயில் கோடே தெரியாது. மழுங்கிய வாயில் ஊசியாக ஒரு வெள்ளைக் கோடு மின்னும். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் அது பிட்டின் வாயை வேகமாகத் தின்னும். நீங்கள் அந்தப் பிட்டுகளைத் தேக்கில் நிறைய ஓட்டியிருந்தால், ஓக்கின் தலையில் விழும் பழியில் பாதி தேக்குக்கு உரியது. கார்பைடு வாய் இருந்தால் தட்டையான உள்முகத்தை மட்டும் வைரத் தகட்டில் பத்து இழுப்பு தேய்த்தால் போதும். வெளிச்சரிவைத் தேய்த்தால் பிட்டின் விட்டம் மாறி, பேரிங்கோடு (பிட்டில் இருந்து விளிம்பின் மேல் உருண்டு வழிகாட்டும் சிறு வளையம்) பொருந்தாமல் போய்விடும். முழுக்க எஃகால் ஆன மலிவுப் பிட் என்றால் ஓக்கில் இரண்டு மூன்று பலகைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. பிட் பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும். 25 மி.மீ. விட்டம் வரை 24,000 சுற்று, 25 முதல் 50 மி.மீ. வரை 18,000, அதற்கு மேல் 16,000 அல்லது இன்னும் கீழே என்பது பொதுவான வழக்கம். பிட் உறையில் உச்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுவே முடிவு. 38 மி.மீ. பிட்டை 30,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும். 18,000 சுற்றில் 36 மீட்டர். சின்ன மெஷின்கள் பலவற்றில் வேகச் சக்கரம் உச்சத்திலேயே நிற்கும், பெரிய பிட் மாட்டும்போது அதைத் திருப்ப மறந்துவிடுவார்கள்.

மூலை பெயர்வது வேறு கதை. பலகையின் நீளவிளிம்பில் வெட்டிக்கொண்டு போய்க் கடைசியில் வெளியேறும்போது, மூலையிலுள்ள நாருக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. வாய் அதை வெட்டுவதற்கு முன் தள்ளிவிடுகிறது, ஓக் பிளவுப் பாதையில் பெயர்ந்துவிடுகிறது. நார் அறுபட்டுத் தெரியும் குறுக்குமுகத்தில் ஓட்டும்போது இன்னும் மோசம். இதற்குப் பரிகாரம் வேலையின் வரிசையில் இருக்கிறது. படிப்பலகைகளை இன்னும் நீளத்துக்கு அறுக்கவில்லை என்றால் அறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் 50 மி.மீ. கூடுதலாக விட்டு, விளிம்பை உருட்டி முடித்து, அதன்பிறகு நீளத்துக்கு அறுங்கள். பெயர்ந்தாலும் கழிவில்தான் பெயரும். ஏற்கெனவே அறுத்துவிட்டீர்கள் என்றால், வெளியேறும் மூலையில் அதே கனமுள்ள மிச்சத் துண்டு ஒன்றை, மட்டமாக, காகிதம்கூட நுழையாத அளவுக்கு ஒட்டி கிளாம்ப் போடுங்கள். பிட் பலகையை முடித்து அந்தத் துண்டுக்குள் ஓடி நிற்கட்டும். குறுக்குமுகத்தையும் உருட்ட வேண்டிய படி என்றால் முதலில் குறுக்குமுகம், பிறகு நீளவிளிம்பு. குறுக்கில் ஓட்டும்போது மூலையில் ஏற்படும் பெயர்வை நீளவிளிம்பு வெட்டு அழித்துவிடும். மாற்றிச் செய்தால் அழிக்க வழியில்லை.

ஓட்டும் திசையும் இதோடு சேர்ந்ததுதான். கையில் பிடிக்கும் ரவுட்டரை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள்ளின் திசையில் சுற்றும். வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, கட்டைவிரலை மரத்தைப் பார்த்து நீட்டுங்கள். சுட்டுவிரல் காட்டும் பக்கம்தான் நகர்த்த வேண்டிய திசை. பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி வருவதானால் அது கடிகாரத்துக்கு எதிர்த் திசை. இப்படிப் போகும்போது மரம் மெஷினை எதிர்த்து நிற்கும், கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். மாற்றித் தள்ளினால் பிட் சக்கரம் போல மரத்தின் மேல் ஏறி ஓடப் பார்க்கும். அப்படி மாற்றித் தள்ளும் வெட்டில் ஒரு நன்மையும் இருக்கிறது: வாய் நாரை வெளியே கிளப்பாமல் உள்ளே அமுக்கி வெட்டுவதால் சிம்பு பெயராது. அதனால் தச்சர்கள் வெளியேறும் மூலையில் மட்டும் 40, 50 மி.மீ. தூரத்துக்கு 1 மி.மீ. ஆழமாக அப்படி வெட்டிவிட்டு, பிறகு வழக்கமான திசையில் வந்து அதில் முடிப்பார்கள். பலகை அசையாமல் கிளாம்பில் இருக்க வேண்டும், இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும், ஆழம் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரிய பிட்டிலும், மேசையில் கவிழ்த்துப் பொருத்திய ரவுட்டரிலும் இதைச் செய்யவே வேண்டாம். மேசையில் துண்டை இழுத்துக்கொண்டு போகும்போது விரலும் கூடப் போகும்.

இப்போது உங்கள் படிவிளிம்பு. 1 அங்குலக் கனம் 25.4 மி.மீ. முழு அரைவட்டமாக உருட்ட 12.7 மி.மீ. ஆரமுள்ள பிட் வேண்டும். பேரிங்கையும் சேர்த்தால் அதன் விட்டம் 38 மி.மீ. மேல்பக்கத்தை உருட்டும்போது பேரிங் கீழ்ப்பாதியின் சமதளத்தில் ஓடும், சிக்கல் இல்லை. பலகையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை உருட்டும்போதுதான் வினை. பேரிங் சாய்ந்துகொள்ளச் சமதளமே மிச்சம் இல்லை, நடுவில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கும். கை கொஞ்சம் அசைந்தாலும் பேரிங் உள்ளே இறங்கி விளிம்பில் பள்ளம் விழும். என் பரிந்துரை, ஆரத்தை 9.5 மி.மீ. ஆகக் குறையுங்கள். பிட்டின் விட்டம் 32 மி.மீ. அளவுக்கு இறங்கும். இரண்டு பக்கமும் உருட்டிய பிறகும் நடுவில் 6 மி.மீ. சமதளம் நிற்கும், பேரிங் அதில் ஓடும். காலுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, அதை மணல்தாளால் மென்மையாக்கிக்கொள்ளலாம். முழு அரைவட்டம்தான் வேண்டும் என்றால், பேரிங்கை நம்பாமல் மெஷினுக்குப் பக்க வழிகாட்டி பொருத்தி ஓட்டுங்கள். நீளத்தில் கூடுதலாக விட்ட 50 மி.மீ. இங்கேயும் உதவும்: அந்த இரண்டு முனைகளையும் உருட்டாமல் சதுரமாக விட்டுவிட்டால் வழிகாட்டி அவற்றின் மேல் சாய்ந்து ஓடும்.

ஒரே ஓட்டத்தில் முழு வளைவையும் எடுக்காதீர்கள். ஓக்கில் 9.5 மி.மீ. ஆரத்துக்கு மூன்று ஓட்டம்: பிட்டை 4 மி.மீ. இறக்கி ஒன்று, 8 மி.மீ.க்கு இறக்கி ஒன்று, கடைசியில் முழு ஆழத்துக்கு. அதற்குப் பிறகும் விளிம்பு கரடுமுரடாக இருந்தால் வேகத்தை மாற்றாமல் அதே ஆழத்தில் மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள், தண்டு வளைந்து விட்டுப்போன நூலளவு மரத்தை அது எடுத்துவிடும். நேர்பிட்டில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுப்பதானால் ஓர் ஓட்டத்துக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி ஆழம் உச்சவரம்பு, 6.35 பிட்டுக்கு 3 மி.மீ. காடியில் ரவுட்டர் முன்னே போகும்போது இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். ஆகவே வழிகாட்டிக் கட்டை இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு நொடியும் அதை விட்டு விலகி ஓடும், காடி பாம்பு போல வரும்.

வளைந்த தாங்கியில் பொறுமை தேவை. முதலில் நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். உள்வளைவுள்ள தாங்கியின் இரண்டு முனையும் மெலிந்து கொம்பு போல நிற்கும். நார் அந்தக் கொம்பின் குறுக்கே ஓடினால் கையால் ஒடிக்கலாம். இரண்டு கொம்பையும் சேர்க்கும் சாய்கோட்டுக்கு இணையாக நார் ஓடும்படி அச்சை (தாங்கியின் வடிவில் வெட்டிய மாதிரிப் பலகையை) வைத்து வரையுங்கள். அச்சுப்பலகையை 12 மி.மீ. எம்டிஎஃப்பில் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டி, அதன் விளிம்பை அரமும் மணல்தாளும் கொண்டு கண்ணாடி போல ஆக்குங்கள், அதில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் நான்கு தாங்கியிலும் அப்படியே வரும். ஓக்கை ஜிக்ஸாவால் கோட்டுக்கு வெளியே 1.5 மி.மீ. மட்டும் விட்டு அறுத்துவிட வேண்டும். ரவுட்டரின் வேலை அந்த 1.5 மி.மீ.யைச் சுத்தம் செய்வது மட்டும்தான். 5, 6 மி.மீ. கழிவை விட்டுவிட்டு அதை ரவுட்டர் தின்னட்டும் என்று நினைத்தால், ஓக் பாதி வழியில் ஒரு பிளவாகக் கிழிந்து கோட்டுக்கு உள்ளேயும் போய்விடும்.

அச்சைத் தொடரும் பிட்டில் பேரிங் மேலே இருக்கும் வகை, கீழே இருக்கும் வகை, இரண்டு பக்கமும் இருக்கும் வகை என மூன்று உண்டு. வளைவில் ஒரு பாதி நாரோடு சேர்ந்து சரிவில் இறங்கும், மறுபாதி நாருக்கு எதிராக ஏறும். உள்வளைவில் கொம்பிலிருந்து நடுவுக்கு வருவது இறக்கம், நடுவிலிருந்து மறு கொம்புக்குப் போவது ஏற்றம். சிம்பு பெயர்வது ஏற்றத்தில். இரண்டு பக்கமும் பேரிங் உள்ள பிட் இருந்தால் முதல் பாதியை ஓட்டி நடுவில் நிறுத்தி, துண்டைக் கவிழ்த்துப் போட்டு மறுபாதியையும் இறக்கமாகவே ஓட்டலாம். 25 மி.மீ. கனத்தையும் ஒரே மூச்சில் வெட்ட நீள பிட் போட்டால் கால் அங்குலத் தண்டு வளைந்து அதிரும். பேரிங் மேலே உள்ள குட்டை பிட்டால் பாதிக் கனம் வெட்டி, அச்சைக் கழற்றிவிட்டு, பேரிங்கை வெட்டிய முகத்திலேயே ஓடவிட்டு மீதியை எடுங்கள். கடைசி மூலையான கொம்பு நுனிக்குப் பின்னால் மிச்சத் துண்டு வைக்க மறக்காதீர்கள். சிறிய துண்டு என்பதால் இரட்டைப்பக்க டேப் மட்டும் போதாது, கிளாம்ப்பும் வேண்டும்.

பலகையின் ஈரத்தையும் பாருங்கள். கடையின் குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்ததை அன்றே வெட்டாதீர்கள். குளிர்காலத்தில் சூடாக்கிய வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 30%க்கு இறங்கினால் ஓக் ஏறக்குறைய 6% ஈரத்தில் நிற்கும், கோடையில் அது 10%க்கு ஏறலாம். அந்த 4% வித்தியாசத்தில், 28 செ.மீ. அகலமுள்ள சாதாரண அறுப்புச் சிவப்பு ஓக் பலகை 4 மி.மீ. அகலம் கூடும். மினுக்கோடு தெரியும் கதிர் அறுப்புப் பலகை அதில் பாதிக்கும் குறைவாகவே அசையும். ஆகவே பலகைகளை இடையில் சிறு கட்டைகள் வைத்து அடுக்கி, படிக்கட்டு இருக்கும் வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரமாவது வையுங்கள். பிறகு அறுங்கள், உருட்டுங்கள். பலகை அகலவாக்கில் அசைய இடம் விட்டுப் பொருத்துங்கள்.

கறை பற்றியும் ஒரு வார்த்தை, தேக்குக்குப் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். ஓக்கின் டானின், ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை போலக் கறுக்கும். இரும்புக் கம்பளியால் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் மறுநாள் பலகை முழுவதும் கரும்புள்ளி. ஈரப் பசை வடிந்த இடத்தில் இரும்பு கிளாம்ப் பட்டாலும் அப்படியே. இடையில் மெழுகுத்தாள் வையுங்கள், திருகாணி பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஆகட்டும். ஏற்கெனவே கறுத்திருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். அது நஞ்சு, கையுறை போட்டுச் செய்து பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

இதையெல்லாம் மூடிய நிலவறையில் செய்கிறீர்கள் என்றால் தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூசியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு மூக்கு உள்ளறையில் வரும் புற்றுநோயை வைத்துத்தான் அது முதலில் தெரியவந்தது. நான்கு தாங்கி வெட்டுவதால் அப்படி வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் துணியைக் கட்டிக்கொண்டு செய்வது போதாது. என்95 அல்லது அதைவிட மேலான முகமூடி, மெஷினோடு இணைத்த தூசி உறிஞ்சி, வேலை முடிந்து கொஞ்ச நேரம் கழித்தே முகமூடியைக் கழற்றுவது, இவ்வளவும் வேண்டும். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ரவுட்டர் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். தாங்கிக்கும், 9.5 மி.மீ. ஆர விளிம்புக்கும் இப்போதுள்ள 1.25 குதிரைத்திறன் போதும், மூன்று ஓட்டமாக எடுத்தால். முழு அரைவட்டம்தான் வேண்டும், படிகளும் பத்துக்கு மேல் என்றால் அரை அங்குலக் கொலெட்டும் 2 குதிரைத்திறனுக்கு மேலும் உள்ள மெஷின் நியாயமான செலவு. அங்கே நீங்கள் காசு கொடுப்பது பலத்தைவிட முக்கியமாகத் தண்டுக்கு: விட்டம் இரட்டிப்பானால் வளையாத உறுதி 16 மடங்கு. 38 மி.மீ. பிட் அதிராமல் ஓட அதுதான் தேவை. வாங்கும் முன் காலிப்பரில் பிட் தண்டை அளந்து எண்ணை இங்கே எழுதுங்கள். மிச்சத் துண்டில் 18,000 சுற்றில் ஓட்டி, கீழே விழுந்த சீவலையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிட்டை மாற்ற வேண்டுமா, கொலெட்டை மாற்ற வேண்டுமா என்பதை அந்த இரண்டையும் பார்த்தால் சொல்லிவிடலாம்.